மாதா லேன்

மீனாவுக்குச் சகாயநாதன் ஐயாயிரம் ரூபாய் கடன்பட்டிருந்தார். கடன் ஏற்பட்டது பதினோரு வருடங்களுக்கு முன்னால். அது அவருக்குத் தெரியவந்தது போன டிசம்பரில்தான். மீனாவுக்கு அதுவும் தெரியாது.

யாரிடமும் ஒரு பைசாவுக்குக் கைநீட்டாதவன் என்று மைசூரில் மார்தட்டிச் சொல்லக்கூடியவர்களை எண்ணினால் ஒரு கை விரல் போதும். அதில் ஒரு விரல் சகாயநாதன். ஹனூர்ப் பக்கத்திலிருந்து பதினான்கு வயதில் பஸ் ஏறி வந்தவர். படிப்பு மூன்றாம் வகுப்பு, அதிலும் பாதி. மண்டியில் சுண்ணாம்பு மூட்டை தூக்கினார். வீடுகளுக்கு வெள்ளையடித்தார். சுண்ணாம்பு அரித்து வலது கை தோலுரிந்த நாட்களில் இடது கையால் சாப்பிட்டார். அப்படி வந்தவருக்கு இன்று பன்னிமண்டபத்துப் பக்கம் இரண்டு மாடி வீடு, பெங்களூரில் என்ஜினீயர் மகன். ஆனால் அவருடைய பெருமையெல்லாம் வீட்டில் இல்லை, கோட்டில் இருந்தது.

பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் வெள்ளைக் கோடு போடுகிறார்களே, அந்த வேலை. நவம்பர் பிறந்தால் ஜனவரி வரை அவருக்கு ஓய்வு கிடையாது. எட்டுப் பள்ளிக்கூடங்கள், நாற்பத்தொரு வருடங்கள். படித்த பி.டி. மாஸ்டர்கள் பேப்பரும் பென்சிலுமாக மண்டையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். சகாயநாதன் நடுவில் முளை அடித்து, கயிறு கட்டி, சுண்ணாம்பு வண்டியை உருட்டிக்கொண்டு ஒரு சுற்று வருவார். டிபன் நேரத்துக்குள் இருநூறு மீட்டர் டிராக் மண்ணில் மலர்ந்து கிடக்கும்.

இந்த வேலையில் ஒரே ஒரு சூட்சுமம் உண்டு. வளைவில் வெளி லேனில் ஓடுபவருக்கு உள் லேனில் ஓடுபவரைவிடத் தூரம் அதிகம். அதை ஈடுகட்ட வெளியே போகப் போக ஒவ்வொருவரையும் கொஞ்சம் முன்னால் நிறுத்த வேண்டும். எவ்வளவு முன்னால் என்பதை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர், காலமாகிவிட்ட டிரில் மாஸ்டர் மாணிக்கவாசகம். "லேன் நாலடி அகலம். ஒவ்வொரு லேனுக்கும் இருபத்தஞ்சடி முன்னால நிறுத்து. மிச்சக் கணக்கு உனக்கு வேணாம்" என்றார் அவர். சகாயநாதன் ஒரு நைலான் கயிற்றில் இருபத்தைந்து அடிக்கு ஒரு முடிச்சாகப் போட்டுக்கொண்டார். அந்தக் கயிறுதான் அவருக்குப் பட்டம், சர்டிபிகேட் எல்லாம்.

அந்தக் கயிற்றை வைத்து, பங்கின் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டங்களில் அவர் பிரசங்கமே செய்திருக்கிறார். "ஆண்டவர் ஒருத்தன முன்னால நிறுத்துறார், ஒருத்தனப் பின்னால நிறுத்துறார். முன்னால நிக்கறவனப் பாத்து வயிறெரியாதீங்க. அவன் சுத்த வேண்டிய சுத்து பெருசு. கடேசியில எல்லாருக்கும் ஒரே தூரந்தான். நான் கயிறு புடிக்கறவன் சொல்றேன்." சாமியார்களே தலையாட்டிக் கேட்பார்கள். பசியையும் பட்டினியையும் கடந்து வந்த ஒருவர் இதைச் சொல்லும்போது யார்தான் கேட்க மாட்டார்கள்?

அவர் கோடு போடும் பள்ளிகளில் ஒன்று கன்னியர் நடத்தும் பெண்கள் பள்ளி. அதன் மைதான வளைவை ஒட்டி லூர்து மாதா கெபி, சிலை வைத்த கற்குகை, இருக்கிறது. கெபிக்குப் பக்கத்தில் ஓடுவது ஆறாவது லேன், கடைசி லேன். அந்த லேனுக்குச் சீட்டு விழுந்த பெண் பெரும்பாலும் ஜெயித்துவிடுவாள். அதனால் பிள்ளைகள் அதற்கு மாதா லேன் என்று பெயர் வைத்துவிட்டார்கள். சீட்டு எடுக்குமுன் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும்கூட நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சிஸ்டர்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

இதைக் கேள்வி கேட்டவள் ஜோவிதா. அந்தப் பள்ளிக்குப் புதிதாக வந்த பி.டி. டீச்சர். டிசம்பரில் விழா முடிந்த மறுநாள், சுண்ணாம்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்த சகாயநாதனிடம் வந்து நின்றாள்.

"அங்கிள், ஒரு டவுட்டு."

"கேளு."

"பதிமூணு வருஷத்து ரெஜிஸ்டர் பாத்தேன். இருநூறு மீட்டர் ஃபைனல்ல ஒன்பது தடவ ஆறாவது லேன்தான் ஃபர்ஸ்ட். ஒண்ணாவது லேன் ஒரு தடவகூட இல்ல. ஏன் அங்கிள்?"

"அங்க மாதா இருக்காங்கல்ல."

"மாதாவுக்கு ஒண்ணாவது லேன் மேல அப்படி என்ன கோபம்? நானும் ஞானஸ்நானம் வாங்கினவதான், தெரிஞ்சிக்கக் கேக்கறேன்."

"உனக்கு விசுவாசம் பத்தாது."

"இருக்கலாம். ஆனா டேப் இருக்கு. அளந்து பாத்துடலாமா?"

சகாயநாதன் வண்டியை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "நீ பொறக்கறதுக்கு முன்னாடியே இந்த ஊர்ல கோடு போட்டவன் நான். என் முடிச்ச அளக்க இனிமேதான் டேப்பு செய்யணும்" என்றார். விருட்டென்று கிளம்பிப் போய்விட்டார்.

போனாரே தவிர, அந்த 'ஏன்' அவருடனேயே வீட்டுக்கு வந்துவிட்டது. சட்டைக்குள் புகுந்த எறும்பு மாதிரி. சனிக்கிழமை மதியம், பள்ளியில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றுடன் மைதானத்துக்குப் போனார். சக்கரத்தில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டினார். துணி தரையைத் தொடும்போதெல்லாம் ஒரு சுற்று. பெருக்கல் அவருக்கு வராது, எண்ணத் தெரியும். முதல் லேனில் ஓட்டம் தொடங்கும் இடத்திலிருந்து எல்லைக் கோடு வரை உருட்டினார். எண்பத்தொன்பதரைச் சுற்று. ஆறாவது லேனிலும் அப்படியே உருட்டினார். எண்பத்தேழரை. மறுபடி உருட்டினார். மூன்றாவது முறையும் அதேதான். மாதா லேன் இரண்டு சுற்று குறைவு, கிட்டத்தட்டப் பதினைந்தடி.

கயிற்றை எடுத்து முடிச்சுகளை அளந்தார். இருபத்தைந்து, மயிரிழை பிசகவில்லை. பிறகு எதற்கோ குனிந்து லேனின் அகலத்தை அளந்தார். மூன்றரை அடி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் பள்ளியில் புதிய கட்டடம் கட்டியபோது மைதானம் குறுகிவிட்டது. ஆறு லேனும் அடங்க வேண்டுமே என்று நாலடியை மூன்றரையாக்கியவர் அவர்தான். அன்றைக்கு அதைப் பெரிய சாமர்த்தியம் என்று நாலு பேரிடம் சொல்லவும் செய்தார். லேனைச் சுருக்கினார். முடிச்சை மாற்றவில்லை.

ஆனாலும் லேன் சுருங்கினால் முடிச்சு ஏன் சுருங்க வேண்டும்? வீட்டுக்கு வந்ததும் சமையலறையிலிருந்து சிறிதும் பெரிதுமாக நாலு தட்டுகளை எடுத்துத் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார். நூலால் ஒவ்வொன்றையும் சுற்றி அளந்தார்.

அவருடைய மனைவி அருளாயி வாசற்படியில் நின்று பார்த்தாள். "ஏனுங்க, சோறு திங்கற தட்டுல என்ன வெளையாட்டு?"

"சும்மா இரு புள்ள. இங்க பாரு. ரெண்டு தட்டு ஓரத்துக்கும் நடுவுல எடவெளி கொறஞ்சா, நூலோட வித்தியாசமும் கொறையுது. தட்டு பெருசா இருந்தாலும் அதேதான், சிறுசா இருந்தாலும் அதேதான். எடவெளி மட்டுந்தான் கணக்கு."

"இதக் கண்டுபுடிக்க எழுவத்திரண்டு வயசாச்சாக்கும்."

அவருக்கு ஒரு நிமிடம் சந்தோஷம் தாங்கவில்லை. மாணிக்கவாசகம் மாஸ்டர் கடைசி வரை சொல்லாமல் போன மிச்சக் கணக்கு இதுதான். மூன்றாம் வகுப்புப் பாதியில் நின்றவன் அதை நூலை வைத்துப் பிடித்துவிட்டான். இடைவெளி அரையடி குறைந்தால் நூல் மூன்றடி குறைகிறது; மூன்றரை அடிக்கு இருபத்திரண்டு போதும். ஒவ்வொரு லேனுக்கும் மூன்றடி அதிகமாக அள்ளிக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சந்தோஷத்தின் நடுவில்தான் மீனாவின் முகம் வந்தது.

மற்ற வருடங்களில் இருநூறு மீட்டர் ஓட்டத்துக்குப் பரிசு எவர்சில்வர் டம்ளர். பதினோரு வருடங்களுக்கு முன், அந்த ஒரு வருடம் மட்டும், பள்ளியின் வெள்ளிவிழா என்று, பழைய மாணவி ஒருத்தி ஐயாயிரம் ரூபாய் ரொக்கம் அறிவித்திருந்தாள். மீனா அங்கே ஆயாவாக இருந்த கௌரம்மாவின் மகள், பத்தாம் வகுப்பு. அவளுக்கு விழுந்தது ஒன்றாவது லேன். ஆறாவது லேன் பெண்ணிடம் ஒரு கை தூரத்தில் தோற்றாள். எல்லைக் கோட்டருகே முட்டியில் ஒட்டிய சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டு நின்ற அவளிடம் சகாயநாதன் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மாதா லேன்ல ஓடற பிள்ளைய முந்த முடியுமா கண்ணு? அவங்க பிள்ளைய அவங்க விட்டுக்கொடுப்பாங்களா?"

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பங்குத்தந்தை டேவிஸைப் போய்ப் பார்த்தார்.

"தோத்திரம் சாமி. நான் யார் காசையும் திருடுனதில்ல. ஆனா என் கயிறு ஒருத்தி காச எடுத்து இன்னொருத்திகிட்டக் குடுத்துருச்சு."

ஃபாதர் டேவிஸுக்குப் புரியவில்லை. பேப்பரில் படம் போடச் சொன்னார். போட்டுக் காட்டியதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "அட, இதுவரைக்கும் நானும் அது மாதா செயல்னுதான் நெனச்சேன்" என்றார்.

"இது பாவமா சாமி?"

"தெரியாமச் செஞ்சீங்க. பாவசங்கீர்த்தனம் பண்ண இதுல ஒண்ணுமில்ல."

"அப்ப விட்டுடலாமா?"

"நான் அப்படிச் சொல்லலியே. பாவம் இல்லேன்னா கடனும் இல்லேன்னு ஆயிடுமா? நீங்க கணக்கு தெரிஞ்சவரு, நீங்களே சொல்லுங்க."

சகாயநாதன் எழுந்து வெளியே வந்தார். அன்பியக் கூட்டத்தில் தான் அளந்த பேச்சு நினைவுக்கு வந்து காது சுட்டது. ஆண்டவரின் கயிறு வேறு, தன்னுடைய கயிறு வேறு. இரண்டையும் ஒன்றாக முடிந்து வைத்தது யார்? பிழை தன் கையில் இருக்க, அதற்கு வானத்தைச் சாட்சிக்கு இழுத்திருக்கிறோமே என்று நினைத்தார். பணத்தைத் தபாலில் அனுப்பிவிடலாம்தான். யாருக்கும் தெரியாது. சகாயநாதன் கோடு தப்பாது என்ற பெயரும் அப்படியே நிற்கும். நாலு நாள் அதையே யோசித்தார்.

ஐந்தாம் நாள் கொள்ளேகால் பஸ்ஸில் ஏறினார். மீனா அந்தப் பஸ்ஸில் கண்டக்டர் என்று பள்ளி வாட்ச்மேன் சொல்லியிருந்தான். காக்கிச் சட்டை, தோளில் பை, கையில் டிக்கெட் மெஷின்.

"எல்லிகே, தாத்தா?" என்று போகுமிடத்தைக் கன்னடத்தில் கேட்டவள் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினாள். "அட, சுண்ணாம்புத் தாத்தா. இன்னும் கோடு போடறீங்களா?"

"போடறேன் கண்ணு. கொள்ளேகாலுக்கு ஒண்ணு குடு. உங்கிட்டப் பேசணும்."

நரசிபுரத்தில் பஸ் டீக்கு நின்றது. பயணிகள் இறங்கினார்கள். டிரைவர் மல்லப்பன் ஸ்டீயரிங்மேல் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். சகாயநாதன் ஜன்னல் கண்ணாடித் தூசியில் விரலால் வட்டம் போட்டார், அதற்கு வெளியே இன்னொரு வட்டம் போட்டார். எல்லாவற்றையும் சொன்னார்.

மீனா கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினஞ்சடின்னா எவ்வளவு?"

"டிரைவர் சீட்டுல இருந்து அஞ்சாவது சீட்டு வரைக்கும்."

அவள் திரும்பி ஐந்தாவது சீட்டைப் பார்த்தாள். "நான் ஒரு கை தூரத்துல தோத்தேன் தாத்தா."

"தெரியும்."

"அன்னிக்கு நீங்க ஒண்ணு சொன்னீங்க. அவங்க பிள்ளைய அவங்க விட்டுக்கொடுப்பாங்களான்னு."

அதை அவள் மறந்திருப்பாள் என்றுதான் வழியெல்லாம் நம்பிக்கொண்டு வந்தார்.

"எங்கம்மா அந்தக் கெபிக்கு தினம் பூ வெப்பா. அதுக்கப்புறம் நான் அந்தப் பக்கமே போகல. நமக்கு இல்லாத சாமிக்கு ஏம்மா பூவுன்னு அம்மாகிட்டச் சண்ட போட்டேன்."

"மாதா ஒண்ணும் பண்ணல கண்ணு. கயிறு என்னோடது. தப்பு என்னோடது." அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை எழுபத்திரண்டு வருடங்களில் அவர் யாரிடமும் சொன்னதில்லை. கவரை எடுத்து நீட்டினார். "பத்தாயிரம் இருக்கு. வட்டியோட."

"வட்டி வேண்டாம். பரிசு அஞ்சாயிரம்தானே?" மீனா முன்பக்கம் திரும்பினாள். "மல்லப்பண்ணா, இவரு ஒண்ணு சொல்றாரு கேளுங்க. சொல்லுங்க தாத்தா, அன்னிக்கு யாரு ஃபர்ஸ்ட்?"

மல்லப்பன் டீ கிளாஸோடு திரும்பிப் பார்த்தார். இறங்காமல் உட்கார்ந்திருந்த நாலைந்து பேரும் பார்த்தார்கள். சகாயநாதன் எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கன்னடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். தான் கோடு போடுகிறவன் என்றும், போட்ட கோடு தப்பு என்றும், இந்தப் பெண்தான் அன்று முதலில் வந்தவள் என்றும்.

"ஹௌதா? அப்படியா?" என்றார் மல்லப்பன். "அதான் டைமுக்கு முன்னாடியே விசில் அடிக்கறா."

மீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிக்கெட் மெஷினைப் பைக்குள் தள்ளி, வலது கையை விரித்து நீட்டினாள். தினம் ஆயிரம் பேரிடம் காசு வாங்கும் கை. கவரில் பாதியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சகாயநாதன் விரலை எச்சில் தொட்டு, ஐந்நூறு ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக அந்தக் கையில் எண்ணி வைத்தார். அவளும் உதட்டுக்குள் கூடவே எண்ணினாள். எட்டு. ஒன்பது. பத்து.