ஒன்பதாம் வகுப்போடு நின்ற சடையன்

சடையன் நம்மோடு படித்தவர். பழைய மாணவர் கூட்டத்தில் ஒருமுறைகூட அவர் பெயரை நாம் கூப்பிடவில்லை. இது தவறு. அவர் இறந்துவிட்டார் என்பதற்காக இதை நான் மென்று விழுங்கப் போவதில்லை.

போன வாரம் வெள்ளிமலையிலிருந்து அவர் மகள் போன் செய்தாள். "அப்பா தவறிட்டாருங்க மாமா. பள்ளிக்கூடத்து ஆளுங்களுக்கு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். நம் வாட்ஸப் குழுவில் செய்தியைப் போட்டேன். "இவர் எந்த செட்?" என்று ஒருவர் கேட்டார்.

படிப்பில் மட்டமானவர் இல்லை சடையன். கடுக்காய் பொறுக்கும் பருவத்தில் மலைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போவார்கள், முடிந்ததும் திரும்புவார்கள். ஒன்பதாம் வகுப்பில் அப்படிப் போனவர், அப்பா படுத்த படுக்கையானதால் திரும்பவே இல்லை.

நம் கூட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மே மாதம் கூடி, பத்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை வைத்துப் பெயர் கூப்பிடுவோம். தலை நரைத்தவர்கள் எழுந்து "உள்ளேன் ஐயா" என்பார்கள். சடையன் பலாப்பழத்தோடு பஸ் ஏறி வந்து, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, எல்லாப் பெயரையும் கேட்பார். பிறகு கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுத்துச் சுளை எடுத்துக் கொடுப்பார். வாங்கித் தின்றோம்.

நானும் ஒன்பதோடு நின்றவன்தான். நானாகப் படித்துச் சில புத்தகங்கள் எழுதியதால் எனக்கு மட்டும் மேடையில் நாற்காலி. சென்ற ஆண்டு அதில் உட்கார மறுத்து, "சடையனையும் கூப்பிடு" என்று செயலாளரிடம் சண்டை போட்டேன்.

"ரிஜிஸ்டர்ல இல்லாதவர எப்படிண்ணே கூப்புடறது?" என்றார் அவர்.

சடையன் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "வுடுப்பா. சொல்லாம கொள்ளாம போனவன் நானு. இன்னும் லீவுலதான் இருக்கேன்னு நெனச்சிக்கினு போறாங்க" என்று சிரித்தார். பஸ் நிலையத்தில் பிரியும்போது, "ஒரு தபா கூப்ட்டா இன்னா கொறஞ்சிடும்?" என்றார். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். அதை விடமாட்டேன்.

வரும் மே மாதம் தலைமையாசிரியர் எல்லா வகுப்புப் பதிவேடுகளையும் எடுத்து வைக்க வேண்டும். பாதியில் நின்றவர்களை அந்தந்த ஊர்க்காரர்கள் தேடிப்போய் அழைத்து வர வேண்டும். எனக்கு யாரும் நாற்காலி போட வேண்டாம். செயலாளர் முதலில் சடையன் பெயரைக் கூப்பிட வேண்டும். பதில் வராது. அவருக்காக வேறு யாரும் குரல் கொடுக்கக் கூடாது. அந்த அமைதியை முழுதாகக் கேட்டுவிட்டு, பிறகு அடுத்த பெயருக்குப் போகட்டும்.