ஹுல்டா ஏற்காத பேர்

எங்கள் மாவட்டத்தில் ஊர்களுக்குப் பேர் வந்த லட்சணத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். தபால் ஆபீஸ் வேண்டுமென்றால் யாராவது வாஷிங்டனுக்கு எழுதிப் போட வேண்டும். பேர் சின்னதாக இருக்க வேண்டும், ஆர்கன்சா மாநிலத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் தன் வேட்டை நாயின் பேரை எழுதி அனுப்பினார்; அதுவே வந்துவிட்டது. மேட்டுக் கடைக்காரர் அனுப்பிய பேரெல்லாம் திரும்பி வரவே, அலமாரியில் இருந்த சோடா மாவு டப்பாவைப் பார்த்து ஒன்றை எழுதினார். இன்றைக்கும் அங்கே ஜனங்கள் அந்த டப்பாவின் பேரில்தான் பிறக்கிறார்கள், சாகிறார்கள்.

அதிலெல்லாம் யாருக்கும் வயிறு எரியவில்லை. எங்களுக்கு எரிந்தது.

உள்நாட்டுப் போர் முடிந்து அடிமைகளாயிருந்த எங்களுக்கு விடுதலை வந்ததும் சில குடும்பங்கள் சேர்ந்து ஓடைக்கரைச் சதுப்பை விலைக்கு வாங்கினோம். மரம் வெட்டி, தண்ணீர் வடித்து, பருத்தி போட்டோம். அங்கே முதலில் செத்தவள் டேமர், ஹுல்டாவின் அம்மா. பிறந்ததிலிருந்து இன்னொருத்தன் மண்ணில் உழைத்தவளைச் சொந்த மண்ணில் புதைத்தோம். ஊரை டேமர் என்று கூப்பிட ஆரம்பித்தோம். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, வாயில் வந்துவிட்டது.

குறுக்குச் சாலையில் கடை வைத்திருந்த கோல்பி தபால் ஆபீஸுக்கு எழுதிப் போட்டான். கிடைத்தது. பேர் என்ன தெரியுமா? கோல்பி. அவன் அப்பன்வழி வந்த குடும்பப் பேர். எங்களில் பாதிப் பேரை அடிமையாக வைத்திருந்தவன் அந்தக் கிழவன். டேமரின் சின்ன மகனை, ஹுல்டாவின் தம்பியை, லூசியானா வியாபாரி ஒருவனுக்கு விற்றவனும் அவன்தான். அந்தப் பையனை அதற்கப்புறம் யாரும் பார்க்கவில்லை.

ஹுல்டா இரண்டு கோவேறு கழுதைகளைப் பூட்டி வண்டி ஓட்டிப் பிழைத்தாள். பருத்தி, முட்டை, ரயில்பாதைக் கட்டை, எதுவானாலும் ஏற்றுவாள். ஆண்பிள்ளைகள் தூக்கத் தயங்கும் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அவர்களையும் நாலு வார்த்தை கேட்பாள். நாங்கள் எல்லாரும் கோல்பியைத் தொரை என்போம். ஹுல்டா ஒருநாளும் சொன்னதில்லை.

தபால் வரும் நாளில் கோல்பி கடை வாசலில் நின்று மேல்விலாசத்தை உரக்கப் படிப்பான். அன்றைக்கு, "ஹுல்டா பெட்வே, கோல்பி," என்றான். கான்ஸாஸ் போய்க் குடியேறிய அவள் மகள் லவியின் முதல் கடிதம். கர்ப்பமாகப் போனவள். கையை நீட்டிய ஹுல்டா பாதியில் மடக்கிக்கொண்டாள்.

"கோல்பின்னு ஒரு ஊர எனக்குத் தெரியாது. வேற யாருக்காச்சும் வந்திருக்கும்."

"உன் மக எழுத்து இது, ஹுல்டா."

"எழுத்து அவளோடது. ஊரு உங்களோடது. நீங்களே வச்சுக்குங்க."

நான் பின்னாலேயே ஓடினேன். "ஏண்டி, உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கா? புள்ள உசுரோட இருக்காளான்னே தெரியாம உக்காந்திருக்கே."

"எனக்குந்தான் துடிக்குது மின்டா. எங்கம்மா படுத்திருக்கிற மண்ணுக்கு அந்தாளு பேரான்னு கேளு. அந்தக் கடுதாசிய வாங்கினா, அவள நானே தூக்கிக்கிட்டுப் போயி மறுபடி அவன்கிட்ட விட்ட மாதிரி. செய்ய மாட்டேன்."

வண்டியில் ஏறும்வரை அழவில்லை. ஏறி, கடை கண்ணுக்கு மறைந்ததும் அழுதாள். எனக்குக் கோபம் வந்தது, அவள்மேல் இல்லை.

அடுத்த தடவை ரயிலடி ஊரான டன்லோவுக்குப் பருத்தி ஏற்றிப்போனபோது அங்கிருந்தே மகளுக்கு எழுதிப் போட்டாள்: இனிமேல் டன்லோவுக்கு எழுது, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன். பதில் வந்தது. பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். ஹுல்டா அதைச் சர்ச் வாசலில் எல்லாருக்கும் படித்துக் காட்டினாள். அடுத்த வாரம் நானும் என் அக்காவுக்கு எழுதிய கடிதத்தை அவள் வண்டியில் கொடுத்தனுப்பினேன். அப்புறம் ஊரே கொடுத்தது.

இங்கேதான் கோல்பிக்கு வலித்தது. சின்ன ஊர்ப் போஸ்ட் மாஸ்டருக்கு மாதச் சம்பளம் கிடையாது. தன் ஆபீஸில் போடும் கடிதங்களின் தபால்தலைமேல் முத்திரை அடிக்கிறாரே, அந்தத் தலைகளின் மதிப்புதான் அவர் வருமானம். நாங்கள் போடாவிட்டால் அவன் எதன்மேல் அடிப்பான்? அவன் மை காய்ந்துபோனது.

கடையில் எங்களுக்குக் கடன் கிடையாது என்றான். அந்தக் குளிர்காலம் காப்பியும் சர்க்கரையும் இல்லாமல் சோள ரொட்டியை மென்றோம். என் புருஷன் ஏமஸ் தினமும் முனகினார். "ஒரு பேரு, சோத்துல உப்பா போடப் போகுது?" நான் அவர் தட்டில் ரொட்டியை வைத்தேன். அவரும் கோல்பி கடையில் ஒரு கடிதம்கூடப் போடவில்லை.

ஒருநாள் கோல்பி சாலையில் ஹுல்டாவின் வண்டியை மறித்தான். "ஒரு பேருக்காகவா இத்தனை கூத்து?"

"ஒரு பேருதானே. மாத்திட்டுப் போங்களேன்," என்றாள் ஹுல்டா. கழுதைகளைத் தட்டிவிட்டாள்.

வசந்தத்தில் தபால் இலாகா இன்ஸ்பெக்டர் வந்தார். எங்கள் மனக்குறையைக் கேட்க வரவில்லை. வருமானமில்லாத ஆபீஸை மூட வந்தார். கோல்பி வெறுத்துப்போய் எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இன்ஸ்பெக்டர் சர்ச் வாசலில் எங்களைக் கூட்டி, "யாராச்சும் எடுத்து நடத்தறீங்களா, இல்ல மூடிடட்டுமா?" என்றார்.

"நான் நடத்தறேன்," என்றாள் ஹுல்டா.

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "ஜாமீன் வேணும். நிலம் இருக்கிறவங்க கையெழுத்துப் போடணும்."

முதலில் எழுந்தது யார் என்கிறீர்கள்? என் ஏமஸ். முனகிக்கொண்டேதான் போய்க் கையெழுத்துப் போட்டார். எனக்கு அன்றைக்கு அவர்மேல் வந்த பிரியம் கல்யாணத்தன்றுகூட வரவில்லை.

"ஊருப் பேரு?"

"டேமர்."

இன்ஸ்பெக்டர் ஒரு தடிப் புத்தகத்தைப் புரட்டினார். "வடக்கே ஒரு டேமர் ஏற்கெனவே இருக்கு. வேற சொல்லு."

பின்னாலிருந்து யாரோ, "ஹுல்டான்னே வச்சிடுவோமே," என்றார்கள்.

"ஏன், நான் செத்துட்டேனா?" என்றாள்.

இன்ஸ்பெக்டர், "சீக்கிரம், எனக்கு ரயிலுக்கு நேரமாச்சு. இல்லேன்னா கோல்பியே இருந்துட்டுப் போகட்டும்," என்றார்.

ஹுல்டா தன் அம்மாவின் கல்லறைப் பக்கம் பார்த்தாள். "ஜோதம்னு எழுதிக்குங்க," என்றாள்.

விற்கப்பட்ட தம்பியின் பேர். டேமர் செத்த பிறகு யாரும் அதை உச்சரித்து நான் கேட்டதில்லை. இன்ஸ்பெக்டர் புத்தகத்தைப் பார்த்தார். அந்தப் பேரில் ஊர் இல்லை.

"வாங்கினவன் அவனுக்கு வேற பேரு வச்சிருப்பான்," என்று ஹுல்டா எங்களிடம் சொன்னாள். "எங்கம்மா கூப்பிட்ட பேர மறந்திருக்க மாட்டான். எங்கயாச்சும் ஒரு கடுதாசி மேல யாராச்சும் படிச்சு அவன் காதுல விழட்டும். வழி கேட்டுக்கிட்டு வந்துருவான்."

கோல்பி கடையிலிருந்த, கடிதங்களைப் பிரித்து வைக்கும் அறைப்பெட்டியை அவள் தன் வண்டியிலேயே ஏற்றிவந்து முன்னறையில் வைத்தாள். புது முத்திரை வந்தது: ஜோதம், ஆர்கன்சா. அன்றைக்கு அவள் வீட்டு வாசலில் கடிதத்தோடு நின்ற கூட்டத்தில் பாதிப் பேருக்கு எழுத விஷயமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கே எழுதிப் போட்டவர்களும் உண்டு.

கோல்பி கொஞ்ச காலம் வீம்பாக டன்லோவுக்குப் போய்வந்தான். சாலை சேறானதும் ஒருநாள் வந்து கடிதத்தை ஹுல்டாவின் மேசையில் வைத்தான். நான் அப்போது அங்கேதான் இருந்தேன்.

"ஜோதம்னா யாரு? பைபிள்ல வர்ற ராஜாவா?"

"என் தம்பி. உங்கப்பா லூசியானாக்காரனுக்கு வித்தாரே, அவன்."

அவன் முகம் சிவந்தது. "அப்ப நான் பொறக்கவே இல்ல."

"அதனாலதான் இப்ப சொல்றேன்."

கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விடுவான் என்று நினைத்தேன். அவன் கை நீண்டது. வெளியே மழையைப் பார்த்தான். கடிதத்தை விட்டுவிட்டு இறங்கிப் போனான்.

ஹுல்டா கடிதத்தை எடுத்துத் தபால்தலைமேல் முத்திரையை ஓங்கி அடித்தாள். மேசை ஆடியது. மேல்விலாசத்தைப் படித்ததும் அவள் கை நின்றது. பருத்தித் தரகர் ஒருவருக்கு, நியூ ஆர்லியன்ஸ், லூசியானா.

"பாத்தியா மின்டா," என்றாள். "அப்பன் வித்த எடத்துக்கு மகன் எழுதற கடுதாசி, என் தம்பியத் தேடிக்கிட்டுப் போகுது."

மை காயும்வரை ஊதி, அதைப் பைக்குள் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்தாள்.