பெர்லின் ரயிலுக்கு முன் பார்க்க வேண்டிய இடங்கள்

ஊர் சுற்றிக் காட்டுகிற வேலையில், ஊரைப் பார்க்க வருகிறவர்கள் மிகக் குறைவு.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்த எனக்கு டேனிஷ் கொஞ்சம் கெதியாகப் பிடிபட்டது. அதுதான் நான் செய்த பிழை. அகதி முகாமுக்குப் புதிதாக வருகிற தமிழ் ஆட்களுக்குச் சனிக்கிழமைகளில் கோப்பன்ஹேகனைக் காட்டும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். பெரிய ரயில் நிலையத்தில் தொடங்கி அங்கேயே முடிகிற சுற்று. நீங்களும் இப்படி ஆட்களை மேய்த்திருந்தால் என் பாடு விளங்கும்.

கடற்கன்னி

முகத்தில் அறைகிற காற்றுக்குள் அவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிக்கொண்டு போனால், சிலையை ஒருவரும் பார்க்கவில்லை. எட்டுப் பொடியளுக்கு நடுவில் ஒரேயொரு நல்ல தோல் கோட். அதை மாறி மாறிப் போட்டுக்கொண்டு எட்டுப் பேரும் படம் எடுத்தார்கள், வீட்டுக்கு அனுப்ப. கோட்டின் சொந்தக்காரன் நடுங்கிக்கொண்டே சொன்னான்: "ஒரே ஊருக்கு ரெண்டு படம் போகாமப் பாத்துக்கொள்ளுங்கோடா."

அரண்மனை

கரடித்தொப்பியும் துவக்குமாய் நின்ற காவலாளியைக் கண்டதும், எங்களோடு வந்த வயதான கந்தையா ஐயா கதையை நிறுத்தினார். நேரே அவனுக்கு முன்னால் போய், சட்டைப் பையிலிருந்து ஊரில் ஆமிக்காரனுக்குக் காட்டிப் பழகிய அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். அவன் அசையவில்லை. இவரும் நீட்டிய கையை எடுக்கவில்லை. நான்தான் போய் இழுத்துக்கொண்டு வந்தேன்.

கொஞ்சத் தூரம் நடந்த பிறகு கேட்டார்: "பாக்காமலே விடுறான் எண்டா, பிறகு என்னத்துக்குப் பிள்ளை உதிலை நிக்கிறான்?"

வட்டக் கோபுரம்

மன்னார் மரியான் அண்ணை ஒவ்வொரு சனியும் வருவார். எதையும் பார்க்க மாட்டார், மணிக்கூட்டைத்தான் பார்ப்பார். "கெதியா நடவுங்கோ" என்று என் வேலையையும் சேர்த்துச் செய்வார். நாலாம் முறை, மூச்சு வாங்க மேலே ஏறி நின்று, "இதிலையிருந்து ஸ்டேஷன் தெரியுமோ?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "விருப்பமில்லாட்டி ஏனண்ணை வாறியள்?" என்று கேட்டேன்.

அவருடைய மனிசியும் மகளும் கிழக்கு பெர்லின் வரைக்கும் வந்துவிட்டார்களாம். காசு வாங்கிக்கொண்டு, அங்கிருந்து ரயிலேற்றிவிடுகிறேன் என்ற ஏஜென்சிக்காரனிடமிருந்து ஒரு மாதமாகச் சத்தமில்லை. பின்னேரம் பெர்லின் ரயில் வரும்போது ஸ்டேஷனில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

"இடம் பாக்கப் போறன் எண்டாத்தான் முகாமிலை இஞ்ச வர டிக்கெட் தருவினம், தங்கச்சி."

ஸ்டேஷன்

அதற்குப் பிறகு நான் எல்லாரையும் ஓட ஓட நடத்தினேன். ஒரு தேவாலயத்தை ரோட்டுக்கு மற்றப் பக்கத்தில் நின்றே காட்டினேன். ஆட்கள் திட்டினார்கள். திட்டட்டும்.

ஆறாவது சனி, ரயிலிலிருந்து எல்லாரும் இறங்கிப் போய்விட்டார்கள். அண்ணை வழக்கம்போலத் திரும்பினார். கடைசிப் பெட்டிக் கதவுக்குள்ளிருந்து முதலில் ஒரு பயணப்பை வந்தது. பிறகு மெல்லிய சேலைக்கு மேல் ஆம்பிளைச் சுவெற்றர் போட்ட மனிசி. அவளுக்குப் பின்னால் ஒரு பிள்ளை. அண்ணை நின்ற இடத்திலேயே நின்றார். அவர்கள்தான் கிட்ட வந்தார்கள்.

முதலில் பிள்ளைதான் கேட்டது, இந்த ஊரில் பார்க்க என்ன இருக்கிறது என்று. ஆறு முறை சுற்றிய மனிசன், மகளின் கையை விடாமல் என்னைக் காட்டினார்: "எனக்குத் தெரியாது குஞ்சு, அந்த அக்காவைக் கேள்."

ஆறு சனிக்கிழமை கூட்டிக்கொண்டு திரிந்தும் ஒரு இடம்கூடத் தெரியாத ஆளை உண்டாக்கிய வழிகாட்டி, கோப்பன்ஹேகனில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.