கைப்பிடி மக்கும் தண்ணி டம்ளரும்

போன மாதம் குன்னூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. மருமகன் பக்கத்து ஓட்டலுக்குள் கூட்டிப்போய் எனக்கு சூப்பும் தனக்கு பீரும் சொன்னான். பீர் காகிதக் கப்பில் வந்தது. நுரை எழும்பும் முன்பே அடங்கிவிட்டது. "என்னங்க மாமா, கப்பையே பாக்கறீங்க?" என்றான். அவனிடம் என்னத்தைச் சொல்ல! உங்களிடம் சொல்கிறேன்.

பதினாலு வருஷம் ஒரு எஸ்டேட் கிளப்பின் பாரில் நின்றவன் நான். பெர்மிட் இருந்தால்தான் குடிக்கலாம் என்றிருந்த காலம். பீரிலேயே வகைக்கு ஒரு கிளாஸ். லாகருக்கு உயரமான மெல்லிய கிளாஸ். ஏலுக்குக் கைப்பிடி வைத்த கனத்த மக். கறுப்பு ஸ்டவுட்டுக்கு நடுவில் பருத்த கிளாஸ், இப்போதைய என் வயிறு மாதிரி. ஆனால் எனக்கு எப்போதும் குழம்பும். குழம்பாதவன் என்னோடு வேலை பார்த்த காதர். என் வயசுதான். ஒரு சொட்டு வாயில் வைத்ததில்லை. கிளாஸைக் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். "எண்ணெய்ப் பிசுக்கு இருந்தா நுரை நிக்காதுப்பா." மழைநாளில் மெம்பர்கள் கோட்டைக் கழற்றி அங்கேதான் மாட்டுவார்கள். நனைந்த கம்பளிக் கோட்டு வாடை எங்கே வந்தாலும் எனக்கு அந்த பாரும் அவனும்தான் ஞாபகம் வருகிறது.

வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். தேயிலை ஃபேக்டரியில் இலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கராக இருந்த பழனியப்பன் மானேஜராகி, மெம்பராகவும் ஆகி, முதல் தடவையாக வந்தார். புதுக் கோட்டு, கையில் பெர்மிட். ஏல் கேட்டார். கிளப் செக்ரட்டரியும் நம்மவர்தான், வெள்ளைக்காரர் இல்லை. என் காதோரம் குனிந்து, "அவருக்குத் தண்ணி டம்ளர் போதும்" என்றார். டிரைவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற தடித்த டம்ளர் அது. வீட்டில் இரண்டு குழந்தைகளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஊற்றிக் கொடுத்தேன்.

அவர் டம்ளரைப் பார்த்தார். பக்கத்து மேசையைப் பார்த்தார். "ஏனுங்க, எல்லாரும் மக்குல குடிக்கறாங்களே?"

"மக் தீந்துபோச்சுங்க," என்றேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு வரிசை மக் பளபளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

காதர் ஒன்றை எடுத்தான். புது பாட்டிலைத் திறந்து, மக்கைச் சாய்த்துப் பிடித்து, இரண்டு விரல் நுரை நிற்க ஊற்றி அவர் முன்னால் வைத்தான். "இருக்குதுங்க. இவன் சரியாப் பாக்கலைங்க." என் பொய்யையும் அவனே மூடிவிட்டான். பழனியப்பன் தண்ணி டம்ளரை ஓரமாகத் தள்ளிவிட்டு மக்கைத் தூக்கினார்.

மறுநாள் செக்ரட்டரி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு நிறுத்தினார். காதர், "நாந்தாங்க குடுத்தேன்" என்றான். நான் தரையைப் பார்த்தேன். அன்றோடு அவனுக்கு வேலை போயிற்று.

பழனியப்பன் அப்புறம் வாராவாரம் வந்தார். மக்கில்தான் ஊற்றினேன். "அந்தத் தம்பி எங்கீங்க?" என்று ஒருநாள் கேட்டார். லீவு என்று சொன்னேன்.

காதர் ஊட்டி மார்க்கெட்டில் வர்க்கி பிஸ்கட் கடை போட்டான். போகும்போதெல்லாம் எடை போட்டதற்கு மேல் இரண்டு வர்க்கி சேர்த்துக் கட்டித் தருவான். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை. அடுத்த தடவை சொல்லலாம், அடுத்த தடவை சொல்லலாம் என்றே வருஷங்கள் போய்விட்டன. கிளப்பை ரிசார்ட் ஆக்கிவிட்டார்கள். கிளாஸெல்லாம் எங்கே போயிற்றோ. செக்ரட்டரியும் இல்லை, பழனியப்பனும் இல்லை.

போன வருஷம் சொல்லியே விடுவது என்று மார்க்கெட்டுக்குப் போனேன். வர்க்கிக் கடை இருந்த இடத்தில் செல்போன் கவர் தொங்கியது. "காதர் பாயிங்களா? மவுத்தாகி அடக்கம் பண்ணி மூணு வருசம் ஆச்சுங்களே," என்றார்கள்.

சரிங்க என்றேன். அங்கிருந்து பஸ் ஸ்டாண்டு கிட்டத்தில்தான். அன்றைக்கு வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் போய்ச் சேர்ந்தேன்.