ஒருக்காக் கேட்டால் போதாது

நேர்ஸ் வேலை என்றால் ஊசி, மருந்து, கட்டில் விரிப்பு என்று நினைப்பீர்கள். உண்மையில் அது ஆட்களின் வாயிலிருந்து பதில் பிடுங்குகிற வேலை. வெள்ளை உடுப்புப் போட்டுக் கால் கடுக்க நின்றவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். எழுபதுகளின் நடுவில், சிட்னிக்கு மேற்கே ஓர் ஆஸ்பத்திரியில், நானும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த நெனிட்டாவும் ஒரே வார்டில் இருந்தோம். வென்ட்வேர்த்வில்லில் எங்களுக்குக் கீழ் ஃபிளாட்டில்தான் அவளும் புருஷனும் குடியிருந்தார்கள். என்னை ‘ஆத்தே’ என்று கூப்பிடுவாள்; அவர்கள் பாஷையில் அக்கா. நாங்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ்தான், ஆனால் என் காதில் அது எங்கள் ஊர்த் தமிழாகவே விழும்.

புருவமும் கழுத்தும்

நெனிட்டா ‘ஓம்’ என்று வாயால் சொல்வது அபூர்வம். இரண்டு புருவத்தையும் ஒருதரம் மேலே தூக்குவாள். அவர்கள் ஊரில் அது போதும். ஒருநாள் வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர், மூலைக் கட்டில் கிழவருக்கு ஊசி போட்டாயிற்றா என்று அவளிடம் கேட்டார். புருவம் ஏறி இறங்கியது. திரும்பக் கேட்டார். திரும்பவும் புருவம். பொறுமையிழந்து என்னைப் பார்த்தார். நான் எங்கள் வழக்கப்படி தலையை இரண்டு பக்கமும் ஆட்டினேன். எங்களுக்கு அது ‘ஓம்’, வெள்ளைக்காரருக்கு ‘இல்லை’.

மனுஷி ஊசியை எடுத்துக்கொண்டு தானே புறப்பட்டுவிட்டார். கிழவருக்கு இரண்டாம் ஊசி ஏறியிருந்தால் ஆபத்து. ஓடிப்போய் மறித்தோம். சிஸ்டர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். “ஒருத்தி புருவத்தால் பேசுகிறாள், மற்றவள் கழுத்தால் பேசுகிறாள். இந்த வார்டில் நாக்கு உள்ளவர்கள் யாராவது இருக்கிறீர்களா?”

அயன் பண்ணிய கை

ஊருக்கெல்லாம் புத்தி சொல்வதில் நெனிட்டாவை மிஞ்ச ஆளில்லை. ஈரத் தலையோடு படுக்காதே. வியர்த்த பிள்ளையின் முதுகில் துவாய் வை. அயன் பண்ணிய கையைப் பச்சைத் தண்ணியில் நனைக்காதே, ‘பாஸ்மா’ வரும். அதாவது நரம்பு இழுத்து விரல் நடுங்கும். வார்டில் நிமிடத்துக்கு ஒருதரம் கை கழுவுகிறவள், வீட்டில் உடுப்பு அயன் பண்ணினால் சாப்பாட்டுக்குக்கூடக் குழாயைத் திறக்கமாட்டாள்.

படித்த நேர்ஸ் இதை நம்பலாமா என்று கேட்டேன். கேட்க எனக்கு என்ன தகுதி? என் மகன் பிறந்தபோது பச்சைத் தண்ணியைத் தொடாமல், மிளகும் மல்லியும் அரைத்த சரக்குக் கறி தின்று, கட்டிடம் முழுக்க மணக்க வைத்தவள் நான். அவள் அதைக் குத்திக் காட்டவில்லை. “அங்கை நான் நேர்ஸ், ஆத்தே. இஞ்சை எங்கட அம்மாவின்ர பிள்ளை.”

சிஸ்டரின் தேத்தண்ணி

வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள், தேத்தண்ணி வேண்டுமா என்று சிஸ்டர் அவளிடம் கேட்டிருக்கிறார். வேண்டாம் என்று சிரித்திருக்கிறாள். கேட்ட உடனே வாங்குவது அவர்களுக்கு வெட்கக்கேடு. நமக்கு மட்டும் என்னவாம்? ‘ஐயோ வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டேதானே கை கோப்பைக்கு நீளுகிறது. சிஸ்டர் தன் கோப்பையை ஊற்றிக்கொண்டு போய்விட்டார். இவள் பின்னேரம் வரை வெறும் வயிற்றோடு வேலை செய்தாள்.

“இஞ்சை ஒருக்காத்தான் கேப்பினம், பிள்ளை. முதல் கேள்விக்கே ஓம் எண்டு சொல்லு” என்றேன். அவள் தலையாட்டவில்லை. “ஒருக்காக் கேக்கிறது சும்மா மரியாதைக்கு, ஆத்தே. உண்மையாத் தர விரும்பிறவை திரும்பக் கேப்பினம்.”

புருஷனின் செருப்பு

கலியாணமாகிப் பல வருடம் காத்திருந்து நெனிட்டாவுக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. செவன் ஹில்ஸில் தொழிற்சாலை வேலை செய்த அவள் புருஷன், தொட்டிலுக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து வைத்திருந்தான். ஏழாம் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றாள். காலில் புருஷனின் செருப்பு. அதற்குள்ளும் பாதம் கொள்ளவில்லை.

என்ன பிள்ளை கால் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றாள். கிளினிக்கில் என்ன சொன்னார்கள் என்றேன். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், தலையிடி உண்டா என்று டொக்டர் கேட்டாராம், இல்லை என்றாளாம். உண்மையாக இல்லையா என்றேன். சிரித்தாள். அவள் கையிலிருந்த ஈரத் துணியை வாங்கி வைத்துவிட்டு, முகத்தைப் பிடித்துத் திரும்பவும் கேட்டேன். “கொஞ்ச நாளாத் தலை வெடிக்குது, ஆத்தே. கண்ணுக்குள்ளை பொறி பறக்குது.”

இதை வாசிக்கும் நேர்ஸ்மாருக்கு மிச்சம் நான் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்கு: அது வலிப்பு வந்து தாயையும் பிள்ளையையும் கொண்டுபோகக்கூடிய பிரஷர். என் கணவரின் காரில் கொண்டு ஓடினோம். அன்றைக்கே வயிற்றைக் கீறினார்கள். தாய் பிழைத்தாள். ஆண் பிள்ளை அடுத்த நாள் மத்தியானம் வரைக்கும்தான் இருந்தான்.

கிளினிக் டொக்டர் அவளைப் பார்க்க வந்தார். இளம் பெடியன், கெட்டவன் இல்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவருக்குக் கண் கலங்கியிருந்தது. “நான் கேட்டேனே, ஏன் சொல்லவில்லை?” என்றார். எனக்கு இரண்டு பேரிலும் கோபம் வந்தது: ஒருக்காக் கேட்டதோடு விட்ட அவரிலும், சிரித்துக்கொண்டே மறைத்த இவளிலும். அழுது வீங்கிய முகத்தோடு நெனிட்டா அவரைத்தான் தேற்றினாள். “வெளியிலை கனபேர் காத்துக்கொண்டு இருந்தவை, டொக்டர்.”

உடம்பைப் பேண என்னிடம் இருக்கிற புத்திமதி இவ்வளவுதான்: விருந்துக்குப் போகும்போது மரியாதையைக் கொண்டு போங்கள், வைத்தியரிடம் போகும்போது அதை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.