மூன்று குருவிக் காசு

சக்கரவர்த்தி என்று பெயர் வைத்தவர்கள், பிள்ளை பிற்காலத்தில் ஆளப்போவது ஆரணி கடைத்தெருவில் ஓர் ஒடுக்கமான வெள்ளிக்கடையைத்தான் என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கடைக்குள் அவர் உட்கார்ந்திருந்த தோரணையைப் பார்த்தால் பெயர் பொருத்தம்தான் என்று தோன்றும். கொலுசும் அரைஞாணும் செய்து விற்கிற பத்தர். கேட்டவர்களுக்கும் தீர்ப்புச் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். கெட்டவர் இல்லை. எடையில் ஒரு குன்றிமணி குறைத்தார் என்று அவரைப் பிடிக்காதவர்கள்கூடச் சொன்னதில்லை. வாய்தான் அவருக்கு முதல் எதிரி. நான் எதிர்க்கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவன். அந்த வாயைத் தினமும் கேட்டவன்.

பர்மாவிலிருந்தும் பினாங்கிலிருந்தும் திரும்பி வந்த குடும்பங்கள் நம் பக்கத்தில் கொஞ்சம் உண்டு. கஷ்டம் வந்தால் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து பெரிய பெரிய சீனத்து வெள்ளிக் காசுகளை எடுத்துக்கொண்டு பத்தர் கடைக்கு வருவார்கள். எல்லாப் பத்தர்களும் அதை உருக்கிக் கொலுசு அடித்தார்கள். சக்கரவர்த்தியும் அடித்தார், வேணுகோபால் வருகிற வரைக்கும். வேணுகோபால் மெட்ராஸ் துறைமுகத்தில் உத்தியோகம் பார்த்தவர், பழைய காசு சேர்க்கிற பைத்தியம். மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆரணிக்கு வந்தவர், கொலுசு பார்க்கலாம் என்று உள்ளே நுழைந்தார். அடுப்பு ஓரத்தில் உருக்கக் கிடந்த காசைப் பார்த்ததும், குழந்தை நெருப்பில் கை வைத்ததைக் கண்டவர் போலப் பதறினார்.

"ஐயையோ, இதைப் போய் உருக்குவாங்களா! வெள்ளி விலையைப் போல நாலு மடங்கு தரேன், குடுங்க."

அன்றிலிருந்து நம் பத்தருக்குச் சீனக் காசுப் பித்து பிடித்தது. வேணுகோபால் வரும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு, கைக்கு வந்ததையெல்லாம் உருட்டி உருட்டிப் பார்த்துத் தானாகவே தேறிவிட்டார். காசுகளுக்கு அவரே பெயரும் வைத்தார். மொட்டைத் தலையோடு பட்டாளத்து உடுப்புப் போட்ட ஆள் இருந்தால் மொட்டைக் காசு. மீசையும் நகமுமாகச் சுருண்டு கிடக்கிற சீனத்துப் பாம்பு இருந்தால் பாம்புக் காசு. பாய்மரம் இருந்தால் கப்பல் காசு. விரல் நுனியில் நிறுத்தி இன்னொரு காசால் தட்டி நாதம் கேட்பார். விளிம்புப் பல்லை நகத்தால் தடவிப் பார்ப்பார். கைமாறும்போது சீனத்து வியாபாரிகள் நல்ல வெள்ளிதான் என்று குத்தி வைத்த குட்டி முத்திரைகளை லென்சில் பார்த்து ரசிப்பார். மெட்ராசிலிருந்து போலிகள் வர ஆரம்பித்தபோது அதையும் பார்த்த மாத்திரத்தில் தூக்கிப் போட்டார். தேவிகாபுரம், படவேடு என்று எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்தது. 'சீனா பத்தர்' என்று பெயர் நிலைத்தது. யாராவது அப்படிக் கூப்பிட்டால் தலை நிமிராமலே சிரிப்பார்.

எமர்ஜென்சி வந்த வருஷம், மழைக்கு முன்னால், சகாயம்மாள் அந்தக் கடைப்படி ஏறினாள். சர்ச்சுக்குப் பின்தெருவில் பட்டு நூல் இழைத்துக் கூலி வாங்கிக்கொண்டிருந்தவள். புருஷன் சிங்கராயர் பினாங்கில் ஒரு சீனருடைய அரிசி மண்டியில் பாதி ஆயுசைக் கழித்துத் திரும்பி வந்து, கொஞ்ச காலத்திலேயே மார்ச்சளியில் போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தவரைக்கும் பினாங்குப் பெருமைதான். அவர் வாயைத் திறந்தாலே, "ஆரம்பிச்சிட்டாருடா பினாங்கு மாப்ள" என்று டீக்கடையில் ஒவ்வொருவராக எழுந்து நழுவுவார்கள். மகள் சகாயமேரிக்கு டீச்சர் டிரெயினிங்கில் இடம் கிடைத்திருந்தது. அந்தச் செலவுக்காகத்தான் புருஷன் விட்டுப்போன சீனக் காசுகளை விற்க வந்திருந்தாள்.

மொட்டைக் காசுகளையும் பாம்புக் காசுகளையும் பத்தர் நியாயமாகவே மதிப்புப் போட்டார். அவளும் ஒத்துக்கொண்டாள். அப்புறம் முந்தானையில் தனியாக முடிந்திருந்த ஒன்றை எடுத்து வைத்தாள்.

"இத்த மட்டும் அவரு தனியா வச்சிருந்தாருங்க. கெளம்பும்போது சீனத்து மொதலாளி கையில வச்சி அழுத்தினாராம். மத்ததெல்லாம் விட இதான் ஒசத்தின்னு சொல்லிகினே இருப்பாரு."

ஒரு பக்கம் மீசை வைத்த சீனத் தலைவர். மறுபக்கம் கப்பல். கப்பல் காசைப் பத்தர் எத்தனையோ பார்த்தவர். ஆனால் இந்தக் கப்பலுக்கு மேலே மூன்று குருவிகள் பறந்தன. பக்கத்தில் கதிர் விரித்துக்கொண்டு சூரியன் எழும்பியது.

தட்டினார், நாதம் சுத்தம். உரைகல்லில் தேய்த்தார், வெள்ளி சுத்தம். நிறுத்தார், எடை சரி. விசாரித்துச் சொல்கிறேன் என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. கடையில் சரிகை வியாபாரி தசரதன் உட்கார்ந்திருந்தார், வேடிக்கை பார்க்க இன்னும் நாலு பேர் நின்றிருந்தார்கள். சபை கூடிவிட்டால் நம் பத்தருக்கு நாக்கு நிற்காது.

ஆரணிக்காரன் கண்ணுக்கு ஒரு கோணல் உண்டு. சேலையில் கணக்குக்கு மேல் ஒரு புட்டா இருந்தால் அந்தப் பூவின் அழகைப் பார்க்க மாட்டான். துணியைத் திருப்பி, அதற்கு அடியில் எந்த இழை அறுந்திருக்கிறது என்று தேடுவான். பிசகின இடத்தைப் பூப்போட்டு மூடுவது இங்கே எல்லாருக்கும் தெரிந்த வித்தை. அந்தக் கண்ணோடுதான் பத்தர் சீனத்துக் காசையும் பார்த்தார்.

"இன்னாமா இது, கப்பலு மேல குருவி? இதுவரைக்கும் நான் பார்த்த எந்தக் கப்பல்லயும் குருவி கிடையாது, சூரியனும் கிடையாது. அறுந்த எடத்துல புட்டா போட்ட மாதிரி எவனோ வேலை காட்டிகிறான். வெள்ளி நல்ல வெள்ளிதான். காசு கள்ளக் காசு."

"அவரு பொய் சொல்ற ஆளு இல்லிங்க பத்தரே."

"யாரு, சிங்கராயரா? பொய்யா? சேச்சே!" என்றார் தசரதன். கடையே சிரித்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. "கள்ளக் காச முழுசா வுடக் கூடாதும்மா, கஜானாவுலயே வெட்டித்தான் போடுவாங்க" என்று சொல்லி, பட்டறைக் கல்லின் மேல் வைத்து உளியால் இரண்டு துண்டாக்கினார் பத்தர். அந்த நேரத்தில் அவர் முகத்தில் தெரிந்தது பெருமை, சந்தேகமே வேண்டாம். சகாயம்மாள் துண்டுகளைத் தொடவில்லை. மற்றக் காசுகளின் பணத்தை வாங்கிக்கொண்டு, யார் முகத்தையும் பாராமல் படியிறங்கிப் போனாள். துண்டுகள் உருகி யார் காலிலோ கொலுசாயின. அவற்றுக்கு உரிய வெள்ளி விலையைப் பத்தர் அவள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். நேர்மையான மனுஷர் அல்லவா!

இந்தியா உலகக் கோப்பையை ஜெயித்த வருஷம் வேணுகோபால் மறுபடியும் வந்தார். ரிட்டையராகித் தலை நரைத்திருந்தது, காசுப் பித்து மட்டும் குறையவில்லை. சிங்கப்பூரிலிருந்து காசு சேர்க்கிற நண்பர் ஒருவர் வந்திருந்ததாகச் சொன்னார்.

"பத்தரே, கப்பல் காசுன்னா சாதாரணம்னு இவ்வளவு நாள் நானே நினைச்சுக்கிட்டிருந்தேன். மேல மூணு பறவை, பக்கத்துல சூரியன், அந்த மாதிரி ஒண்ணு இருக்காம். அதுதான் முதல்ல அடிச்சது. சூரியன் ஜப்பான் கொடி மாதிரி இருக்கு, பறவை ஜப்பான்காரன் விமானம் மாதிரி இருக்குன்னு ஜனங்க கூச்சல் போட்டாங்களாம். அடுத்த வருஷம் ரெண்டையும் எடுத்துட்டு அடிச்சாங்களாம். முதல் காசு கிடைக்கிறது குதிரைக்கொம்பு. கிடைச்சா ரெண்டு பட்டுத் தறி வாங்கிப் போடலாம்!"

ஆக, யாரும் குருவியைச் சேர்க்கவில்லை. இருந்த குருவியைத்தான் எடுத்திருக்கிறார்கள். பத்தர் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"போலியா இருக்கலாமில்ல சார்?"

"இப்ப அடிக்கிறான், எல்லாம் பித்தளை. நல்ல வெள்ளி, சரியான எடை, அந்தக் காலத்துலயே வந்ததுன்னா சந்தேகமே இல்லை. ஏன், பார்த்திருக்கீங்களா? எங்க இருக்கு?"

"பார்த்ததில்ல சார்" என்றார் சக்கரவர்த்தி. வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய் அதுதான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைச் சொல்லிவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே அவர் கடையைச் சாத்திக்கொண்டு போனார். அது எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு பத்தரைப் பார்க்கவே சகிக்காது. சர்ச் பக்கம் போகிற வழியை விட்டார். மணிச்சத்தம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வார். சீனக் காசு என்று யார் வந்தாலும், "நான் இப்ப பார்க்கறதில்லப்பா, வேற யாருகிட்டயாவது காட்டு" என்று திருப்பி அனுப்பினார். 'சீனா பத்தரே' என்று கூப்பிட்டால் முகம் செத்துப்போகும். சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மனைவி தேவகி பிடித்து உலுக்கியபோதுதான் எல்லாம் வெளியே வந்தது. தேவகி அழுகிற பெண் இல்லை.

"போயி சொல்லுங்க" என்றாள்.

"ராத்திரியில போயி, யாரும் பார்க்காதப்ப..."

"காச வெட்டினது கடைத்தெருவுல. மன்னிப்பு மட்டும் இருட்டுலயா?"

மறுநாள் கடை நிறைய ஆள் இருக்கும்போது பத்தர் எழுந்து நின்று சொன்னார். சிங்கராயர் கொண்டுவந்தது அசல் காசு, நான்தான் தெரியாமல் வெட்டினேன் என்று சொன்னார். தசரதன் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "எந்தச் சிங்கராயரு? அட விடுங்க பத்தரே, யாருக்கு ஞாபகம் இருக்குது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வெட்கத்தை வாங்கிக்கொள்ளக்கூட ஆள் இல்லாமல், மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு சர்ச் தெருவுக்கு நடந்தார். துணைக்கு வா என்று என்னையும் கூப்பிட்டார்.

சகாயம்மாளுக்குக் கண் மங்கியிருந்தது. மகள் தெள்ளாரில் டீச்சராகி அங்கேயே இருந்தாள். வாசலில் நின்றபடியே பத்தர் முழுவதையும் சொன்னார். காசுக்கு ஈடாகத் தேவகியின் வளையல்களைத் துண்டில் முடிந்து கொண்டுவந்திருந்தார். முடிச்சை அவிழ்த்து அவற்றைக் கீழே வைத்தார். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"அப்ப அவரு சொன்னது நெஜமா?"

"நெஜம்தாம்மா. எல்லாத்திலயும் ஒசத்தியான காசு."

"நெஜமாத்தான் சொல்றீங்களா?" என்று மறுபடியும் கேட்டாள். கேட்டுவிட்டு நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"சாவுறதுக்கு முன்னாடி என் கையப் புடிச்சிகினு சொன்னாருங்க. பினாங்குல எனக்கு வேற யாரும் கெடையாது புள்ள, நீ ஒருத்திதான்னு. ஊரு ஜனம் அங்க ஒரு சீனச்சி இருந்தான்னு பேசிகினு இருந்துச்சி, அதுக்குத்தான் சொன்னாரு. நான் நம்பினேன். நீங்க அந்தக் காச வெட்டினீங்களே, அன்னிக்கி வூட்டுக்கு வந்து யோசிச்சேன். காசே பொய்யின்னா அந்த வார்த்த மட்டும் எப்பிடி நெஜமா இருக்கும்னு. அன்னிலேர்ந்து அவரு பேர நான் ஜெபத்துல சொல்றதில்ல. கல்லறத் திருநாளுக்கு ஊரே மெழுகுவத்தி எடுத்துகினு போவும், நான் கதவச் சாத்திகினு படுத்திருப்பேன்."

பத்தர் அவள் காலில் விழப் போனார். அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

"வாணாம் எழுந்திருங்க. உங்கள இன்னா சொல்றது? கூட வாழ்ந்தவ நானே ஒரு காச நம்பி அவர வுட்டுட்டேன். என்னை அங்க இட்டுகினு போங்க. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

வழியில் மெழுகுவத்தி வாங்கினோம். கல்லறைத் தோட்டத்தில் பணக்காரர்களுக்குச் சிமெண்டுச் சிலுவை இருந்தது. ஏழைகளுக்கு மரச் சிலுவைதான். அதைக் கவனிக்க ஆள் இல்லாவிட்டால் கரையான் தின்றுவிடும். வேலியோரம் என்று மட்டும் அவளுக்கு நினைவிருந்தது. வேலியோரம் முழுக்க நெருஞ்சியும் கோரையும் மண்டி, ஒன்றைப் போலவே இன்னொன்றாக மண்மேடுகள் கிடந்தன. பெயரும் இல்லை, அடையாளமும் இல்லை. சகாயம்மாள் குனிந்து ஒவ்வொரு மேட்டையும் கையால் தடவிக்கொண்டே போனாள். இரண்டு மேடுகளுக்கு நடுவில் நின்றாள்.

"இதுவா இருக்கும், இல்லன்னா அது. நீங்க பார்த்துச் சொல்லுங்க பத்தரே."

அவள் குத்திக்காட்டவில்லை. உண்மையாகவே கேட்டாள், பார்க்கத் தெரிந்தவர் என்று நம்பிக் கேட்டாள். சக்கரவர்த்தி அந்த இரண்டு மண்மேடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, "எனக்குத் தெரியலம்மா" என்றார்.