ஒல்லாந்தர் கீறிய வீடு

ஒல்லாந்தர் என்றால் எனக்கு யாழ்ப்பாணக் கோட்டைதான் நினைவுக்கு வரும். அவர்கள் இவ்வளவு படமும் கீறித் தள்ளியிருக்கிறார்கள் என்பது, போன பனிக்காலத்தில் மகள் என்னை டுசல்டோர்ஃபில் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப்போனபோதுதான் தெரிந்தது.

அவள் வேலை கிடைத்து ஹம்பேர்க்குக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. அவளுடைய அப்பா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். டோர்ட்மண்ட் வீட்டில் நான் மட்டும். பின்னேரங்களில் தொலைபேசி எடுத்து என்ன சமையல் என்று கேட்பாள். சோறு, மீன்குழம்பு, முருங்கையிலை வறை என்று அளந்துவிட்டு, நீ என்ன சமைத்தாய் என்று நானும் கேட்பேன். உண்மையில் நான் சாப்பிடுவது கடையில் வாங்கிய பாணும் தயிரும்தான். ஒருத்திக்காக அரிசி கழுவ மனம் வருவதில்லை. இது தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாள் என்று எனக்குப் பயம்.

அருங்காட்சியகத்தில் ஒல்லாந்தர் கீறிய ஒரு படத்துக்கு முன்னால் நின்றுவிட்டேன். அதில் முக்கால்வாசியும் வானம். கீழே வெட்டவெளி, ஒரு பட்டமரம், மண்பாதை, ஓரமாக ஒரு சின்ன வீடு. பக்கத்தில் எழுதியிருந்ததை மகள் வாசித்து விளக்கினாள். பட்டமரம் என்றால் நிலையாமையாம், பாதை வாழ்க்கையாம், வானம் கடவுளாம். ஒரு மரத்தை மரமாக இருக்க விடமாட்டார்களா என்று எனக்கு எரிச்சல் வந்தது. ஆனாலும் அவ்விடத்தை விட்டு நகர முடியவில்லை. பொழுதுபடுகிற அந்த வெளிச்சத்தில் அந்தச் சின்ன வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்படி என்ன பார்க்கிறீர்கள் என்று மகள் கேட்டாள். யோசிக்காமல் வாயை விட்டுவிட்டேன்.

"புகைக்கூண்டில புகை இல்லை, பிள்ளை. உள்ளுக்கு ஒரு ஆள் தனிய இருக்குது போல. சமைக்கேல்லை."

யாரையோ பற்றிச் சொல்வதுபோலத்தான் சொல்ல நினைத்தேன். ஆனால் அது என்னைப் பற்றிச் சொன்னதுபோல ஆகிவிட்டது. மகள் படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அம்மா, நேற்று என்ன சமைச்சனீங்கள்?"

மீன்குழம்பு என்று முதல்நாள்தான் சொல்லியிருந்தேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு அதையே திரும்பச் சொல்ல முடியவில்லை. வேலையை விடப்போகிறேன் என்று இப்போது சொல்லப்போகிறாள் என நினைத்தேன். அவள் அங்கிருந்த நீண்ட மர வாங்கில் போய் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நானும் சமைக்கிறேல்லை, அம்மா. நீங்கள் கேக்கேக்க பருப்பு, கத்தரிக்காய் எண்டு சும்மா சொன்னனான்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். திரும்பும்போது ஒரே ரயில். டோர்ட்மண்டில் நான் இறங்கினேன், அவள் ஹம்பேர்க்குக்குப் போனாள். அவளாவது அங்கே நன்றாக இருக்கிறாள் என்ற நினைப்பொன்று அதுவரை எனக்குத் துணையாக இருந்தது. அன்று அதுவும் இல்லாமல் வீட்டுக்கு நடந்தேன்.